காற்றின் எதிரே மூன்று கால்கள்

காற்றை யாரும் படம்பிடித்ததில்லை. பிடிக்கவும் முடியாது. வளைந்து நிற்கும் பனையையும், பறந்துபோகும் கூரைத்தகரத்தையும், கரையேறும் அலையையும்தான் படத்தில் காண்கிறோம். காற்று பிறவற்றுக்குச் செய்வதைக் கொண்டே காற்று வீசியது என்று அறிந்துகொள்கிறோம். இதிலிருந்து ஒளிப்படக்காரருக்கு ஒரு கடினமான நிபந்தனை பிறக்கிறது. காற்று அசைப்பதைக் காட்ட வேண்டுமாயின் கமெரா அசையாதிருக்க வேண்டும். கமெராவும் சேர்ந்து ஆடினால் பார்ப்பவர் காற்றைக் காண்பதில்லை. படம் எடுத்தவரின் கைநடுக்கத்தையே காண்பார்.

பத்திரிகைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டேன். புயலும் வெள்ளமும் வரும்போதெல்லாம் செய்தி மேசைக்கு வந்து குவியும் படங்களைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில், முக்காலி என்று நாம் சொல்லும் அந்த எளிய மூன்றுகால் தாங்கியைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்து வந்தது. கமெராக்களைப் பற்றி நூல்கள் நிறைய வந்திருக்கின்றன. கமெராவைத் தாங்கியதைப் பற்றி எழுதியோர் மிகக் குறைவு.

முதலில், ஏன் மூன்று கால்? நான்கு கால் உள்ள மேசை சமனற்ற தரையில் ஆடும். மூன்று கால் உள்ளது ஆடாது. எந்த மூன்று புள்ளிகளும் ஒரே தளத்தில் அமையும் என்பது கேத்திரகணிதத்தின் பாலபாடம். ஒளிப்படக்கலை பிறப்பதற்கு முன்பே நில அளவையாளர்கள் இதை நன்கறிந்திருந்தார்கள். அவர்களது கருவி ஒரு மயிரிழை அசைந்தாலும் பல மைல்களுக்கு அப்பால் கணக்கு தவறிவிடும். இந்த வரலாற்றுக்கும் தமிழ் நிலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பணியே பின்னர் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையாக விரிந்தது. அவருடைய தியோடலைற் கருவி ஏறக்குறைய அரைத் தொன் எடை கொண்டது. 1808 இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேலே அதைக் கயிறு கட்டித் தூக்கியபோது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் பல வாரங்கள் செலவிட்டு அதைத் தாமே சீர்செய்தார். அவருக்குப் பின் வந்த ஜோர்ஜ் எவரெஸ்ட் வட இந்தியச் சமவெளியில் அளவைக் கோபுரங்களைக் கட்டுவித்தார். அளவையாளர் ஏறி நிற்கும் தட்டும் கருவி அமரும் தூணும் ஒன்றையொன்று தொடாதிருப்பது இத்தகைய கோபுரங்களின் விதி. மனிதன் காலடி எடுத்து வைக்கும் அதிர்வுகூடக் கருவிக்குப் போகக்கூடாது என்பதே நோக்கம். ஒளிப்படக்காரர்கள் பின்னாளில் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இதுவே.

தொடக்ககால ஒளிப்படக்காரருக்குக் காற்று வெறும் இடையூறாக இருக்கவில்லை, பகையாகவே இருந்தது. ஈரக் கண்ணாடித் தட்டில் இரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, அதே இடத்தில் கூடாரத்துக்குள் கழுவி முடிக்க வேண்டிய காலம் அது. கமெராவின் கண் பல விநாடிகள் திறந்திருக்கும். சாமுவேல் போர்ண் என்ற ஆங்கிலேயர் 1866 இல் இமயத்தின் மணிரங் கணவாயில், ஏறக்குறைய 18,600 அடி உயரத்தில், இந்த முறையிலேயே படமெடுத்தார். கண்ணாடித் தட்டுகளையும் மருந்துப் போத்தல்களையும் இருட்டுக் கூடாரத்தையும் தூக்கிச் செல்ல ஒரு பெரும் சுமைகாரர் கூட்டமே உடன் சென்றது. அத்தனை பாடுபட்டு ஏறிய பின்னர், ஒரு விநாடி நேரக் காற்று எல்லாவற்றையும் வீணாக்கிவிடக் கூடும்.

சலனப்படம் வந்ததும் சிக்கல் இரட்டிப்பாயிற்று. அக்காலக் கமெராக்கள் பெரும்பாலும் கையால் கைப்பிடியைச் சுற்றி இயக்கப்பட்டவை. விநாடிக்கு இரண்டு சுற்று, ஒரு சுற்றுக்கு எட்டுப் படம், ஆக விநாடிக்குப் பதினாறு படம் என்பது வழக்கமான கணக்கு. சுற்றும் கையே முக்காலியை உலுக்கும். ஒரு கையால் சீராகச் சுற்றிக்கொண்டே காற்றையும் சமாளிக்க வேண்டும். இந்த நிலையில்தான் இரண்டு மனிதர்கள் உலகின் மிகக் கொடிய காற்று வீசும் கண்டத்துக்குச் சலனப்படக் கமெராவைக் கொண்டு சென்றார்கள்.

முதலாமவர் ஹேர்பேர்ட் பொன்ரிங். கப்டன் ஸ்கொட்டின் தென்துருவப் பயணத்தில் 1910 இல் இணைந்தவர். ‘ரெறா நோவா’ கப்பல் பனிக்கட்டிகளைப் பிளந்துகொண்டு முன்னேறுவதைப் படமாக்க அவர் விரும்பினார். கப்பலின் மேல்தளத்தில் நின்றால் பனி உடையும் இடம் தெரியாது. ஆகவே கப்பலின் பக்கவாட்டிலிருந்து கடலுக்கு மேலாகச் சுமார் பத்தடி நீளத்துக்குப் பலகைகளை நீட்டிக் கட்டச் செய்தார். முக்காலியின் தலைப்பகுதியை மட்டும் கழற்றிப் பலகையின் நுனியில் பிணைத்துக் கமெராவைப் பொருத்தி, தாமும் அதன்மேல் குப்புறப் படுத்துப் படமெடுத்தார். கால்களுக்கு இடமில்லாதபோது கப்பலையே முக்காலியாக்கிக் கொண்டார் என்று சொன்னால் மிகையாகாது. உறைகுளிரில் ஒருமுறை அவரது நாக்கு கமெராவின் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு தோல் உரிந்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். 1921 இல் வந்த அவரது ‘பெரும் வெண் தெற்கு’ என்ற நூல் இன்றும் படிக்கத்தக்கது.

பொன்ரிங் துருவத்துக்குப் போகவில்லை. ஆனால் போகவிருந்தவர்களுக்குப் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தார். 1912 ஜனவரி 18 அன்று தென்துருவத்தில் ஸ்கொட், வில்சன், ஓட்ஸ், எவன்ஸ், பவேர்ஸ் ஆகிய ஐவரும் ஒன்றாக இருக்கும் படம் உலகறிந்தது. படமெடுக்க ஆறாவது ஆள் இல்லை. கமெராவை ஒரு தாங்கியில் நிறுத்தி, நூல் ஒன்றை இழுத்துப் பவேர்ஸ் அதை இயக்கினார். முந்தின நாள் வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 30 பாகை செல்சியஸ். நோர்வேக்காரர் ஏறக்குறைய ஐந்து வாரங்களுக்கு முன்னரே வந்து சென்றுவிட்டனர் என்பதை அறிந்த முகங்கள் அவை. திரும்பும் வழியில் ஐவரும் மாண்டனர். 1912 நவம்பரில் தேடிச் சென்றவர்கள் கூடாரத்தில் மூவரின் உடல்களையும் அவற்றோடு இந்தப் படச்சுருளையும் கண்டெடுத்தனர். அந்தக் கமெரா காற்றில் நிலைகுலைந்திருந்தால் அந்த ஐந்து முகங்களையும் வரலாறு கண்டிருக்க மாட்டாது.

இரண்டாமவர் பிராங் ஹேர்லி. சிட்னியில் 1885 இல் பிறந்தவர். டக்ளஸ் மோசன் தலைமையில் 1911 இல் புறப்பட்ட அவுஸ்திரேலிய அந்தாட்டிக் பயணத்தின் ஒளிப்படக்காரர். 1912 ஜனவரியில் இவர்கள் முகாமிட்ட கொமன்வெல்த் விரிகுடாவின் டெனிசன் முனை, கடல்மட்டத்தில் உலகிலேயே மிகக் கடுமையான காற்று வீசும் இடங்களில் ஒன்று என்பது இவர்களுக்கு அப்போது தெரியாது. உள்நாட்டுப் பனி மேட்டில் குளிர்ந்து கனத்த காற்று, சரிவில் நீர் ஓடுவதுபோலக் கடலை நோக்கிப் பாயும் இடம் அது. மோசனின் நூல் தரும் கணக்குகளைப் பாருங்கள். 1912 மார்ச் மாதச் சராசரிக் காற்றுவேகம் மணிக்கு 49 மைல். மே மாதச் சராசரி 60.7 மைல். மே 15 அன்று இருபத்துநான்கு மணிநேரச் சராசரி மட்டும் 90 மைல், அதாவது மணிக்கு ஏறக்குறைய 145 கிலோமீற்றர். நம்மவர் புயல் என்று அஞ்சும் காற்று அங்கே அன்றாட வாழ்க்கை. ஆணிகள் பதித்த பாதணிகளை அணிந்து, காற்றின்மேல் சாய்ந்து நடக்க அவர்கள் பழகிக்கொண்டார்கள். அதுவும் முடியாத நாட்களில் தவழ்ந்து சென்றார்கள்.

இந்த இடத்தில் சிறிது கணக்குப் பார்ப்பது நன்று. காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. மணிக்கு 72 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றர் பரப்பை ஏறக்குறைய 25 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையால் தள்ளுமென்றால், 145 கிலோமீற்றர் காற்று 100 கிலோகிராமுக்குச் சமமான விசையால் தள்ளும். கமெராவும் கால்களும் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் பரப்பு ஒரு சதுர மீற்றரில் ஏழில் ஒரு பங்கு என்று கொண்டாலும், ஆளுயரத்தில் நிற்கும் கருவியை 14 கிலோ எடைக்குச் சமமான விசை ஓயாது தள்ளுகிறது. கால்களைச் சுருக்கிக் கருவியை மூன்றிலொரு பங்கு உயரத்துக்கு இறக்கினால் கவிழ்க்கும் திருப்பமும் மூன்றிலொன்றாகக் குறையும். தரையருகே காற்றின் வேகமும் குறைவு. பனிவெளியில் மனிதர்கள் தவழ்ந்ததற்கும் ஒளிப்படக்காரர் முக்காலியைத் தாழ்த்துவதற்கும் காரணம் ஒன்றே.

ஹேர்லியின் படங்களில் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது, பனிக்கட்டி வெட்டச் சென்ற மனிதர்கள் காற்றில் சாய்ந்து நிற்கும் காட்சி. அவர்கள் விழ வேண்டிய கோணத்தில் நிற்கிறார்கள், ஆனால் விழவில்லை. தரை நேராக இருப்பதால்தான் அவர்களது சாய்வு நமக்குத் தெரிகிறது. கமெராவும் சாய்ந்திருந்தால் அந்தப் படத்தில் காற்றே இருந்திராது.

ஆனால் ஹேர்லியின் கதை இத்துடன் முடிவதில்லை. காற்றின் முழுக் கொடுமையும் ஒரே சட்டகத்துக்குள் வருவது அரிது. ஆகவே அவர் இருட்டறையில் ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்படிவங்களை இணைத்துக் கூட்டுப்படங்களை உருவாக்கினார். ‘பனிப்புயல்’ என்ற அவரது புகழ்பெற்ற படமும் அப்படிப்பட்டதே என்பர். ஷாக்கிள்டனின் பயணத்தில், 1916 ஏப்ரலில் எலிபன்ற் தீவிலிருந்து படகு புறப்பட்டபோது எடுத்த படம், பின்னர் மாற்றங்களுடன் ஆகஸ்ட் மாத மீட்புக் காட்சியாக வெளியிடப்பட்டது. கையசைத்து வழியனுப்பியவர்கள், கையசைத்து வரவேற்பவர்களாக மாறினார்கள். 1917 இல் பிளாண்டர்ஸ் போர்க்களத்தில் அவுஸ்திரேலியாவின் உத்தியோகபூர்வ ஒளிப்படக்காரராக இருந்தபோது, வெவ்வேறு படங்களிலிருந்த வெடிப்புகளையும் விமானங்களையும் வீரர்களையும் இணைத்தார். போர்ச் செய்தியாளரும் வரலாற்றாசிரியருமான சார்ள்ஸ் பீன் அவற்றைப் போலி என்று கண்டித்தார். ஹேர்லி பதவி விலகப் போவதாகச் சொல்லுமளவுக்குத் தகராறு முற்றியது. ஒரே படத்தில் போரைக் காட்ட முடியாது என்பது ஹேர்லியின் வாதம். நடந்ததை மட்டுமே படம் காட்ட வேண்டும் என்பது பீனின் வாதம். ஹேர்லியின் துணிவுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆயினும் இந்த வழக்கில் என் தீர்ப்பு பீனுக்கே. உயிரைப் பணயம் வைத்துக் காற்றில் நிலைநிறுத்திய கமெராவின் சாட்சியத்தை, காற்றே இல்லாத இருட்டறையில் கலைத்துவிட்டார் என்பதே என் வருத்தம். ஒரு படம் கூட்டப்பட்டது என்று தெரிந்தால், கூட்டப்படாத மற்றப் படங்களின்மீதும் ஐயம் விழுகிறது.

சாட்சியம் என்றதும் எவரெஸ்ட் நினைவுக்கு வருகிறது. கப்டன் ஜோன் நோவெல் 1922 இலும் 1924 இலும் பிரித்தானிய மலையேற்றக் குழுக்களின் சலனப்படக்காரர். 1922 இல் ஏறக்குறைய 23,000 அடி உயரத்திலுள்ள வடக்குக் கணவாய்வரை கமெராவைக் கொண்டு சென்றார். 1924 இல் படத்தின் உரிமைக்காக 8,000 பவுண் கொடுத்திருந்தார். அவரிடம் 20 அங்குலத் தொலைநோக்கு வில்லை ஒன்று இருந்தது. அதைக் கொண்டு இரண்டு மைல் அளவு தூரத்திலிருந்தே ஏறுபவர்களைப் படமாக்கினார்.

இத்தகைய வில்லை மனிதனைப் பெரிதாக்குவது போலவே நடுக்கத்தையும் பெரிதாக்கும். மூன்று கிலோமீற்றர் தூரத்தில் அந்த வில்லையின் சட்டகத்துக்குள் அடங்குவது ஏறக்குறைய 140 மீற்றர் அகலமான மலைச்சரிவு. அதில் ஒரு மனிதன், சட்டக அகலத்தில் நூறில் ஒரு பங்கை விடச் சற்றே பெரிய ஒரு கரும்புள்ளி. கமெரா ஒரு பாகையில் பத்திலொரு பங்கு அசைந்தால், காட்சி ஐந்து மீற்றர் நகர்ந்துவிடும். அதாவது அந்த மனிதனின் உயரத்தைப்போல மூன்று மடங்கு. திரையில் புள்ளி துள்ளிக்கொண்டேயிருக்கும். அது மனிதனா பாறையா என்று கண் சொல்லாது. எவரெஸ்டின் காற்றில், மூன்று கால்களின்மேல், பத்திலொரு பாகை கூட அசையாமல் நிற்க வேண்டிய வேலை அது.

1924 ஜூன் 8 அன்று மலரியும் இர்வினும் உச்சியை நோக்கிச் சென்றார்கள். நோவெல் தொலைநோக்கு வில்லையுடன் காத்திருந்தார். முகில் மூடிவிட்டது. நண்பகலுக்குப் பின் 12.50 அளவில் முகில் சிறிது விலகியபோது, மேலே ஏறிக்கொண்டிருந்த நோவெல் ஓடெல் என்ற மற்றொரு வீரர் இருவரையும் வெறுங்கண்ணால் கண்டதாகச் சொன்னார். அதன் பின்னர் அவர்களை உயிருடன் யாரும் காணவில்லை. அவர்கள் உச்சியை அடைந்தார்களா என்ற கேள்வி நூறாண்டு கடந்தும் தீரவில்லை. ஜூன் 10 அன்று வடக்குக் கணவாயின் பனியில் ஆறு போர்வைகள் சிலுவை வடிவில் விரிக்கப்பட்டன. இருவரும் இறந்தனர் என்பதற்கான சைகை அது. கீழிருந்த நோவெல் அதைத் தொலைநோக்கு வில்லையூடாகப் படமாக்கினார். வெண்பனியில் ஒரு சிறு கரும் சிலுவை. ‘எவரெஸ்ட் காவியம்’ என்ற அந்தப் படத்தைப் பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் 2013 இல் மீட்டெடுத்து வெளியிட்டது. அந்தக் காட்சியைக் காணும் எவரும் முக்காலியைப் பற்றி நினைக்கப் போவதில்லை. நினைக்காதிருப்பதே அந்த முக்காலியின் வெற்றி.

இதே காலத்தில் கருவிகளும் மாறத் தொடங்கின. அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக விலங்குகளைப் பாடம்செய்து வந்த கார்ல் ஏக்லி, ஓடும் விலங்குகளைப் படமாக்கவென வட்ட வடிவக் கமெரா ஒன்றை உருவாக்கினார். அதன் தாங்கித் தலையில் சுழற்சில்லுகள் பொருத்தப்பட்டிருந்ததால், திருப்பும்போதும் சாய்க்கும்போதும் திடீர் அசைவுகளை அது விழுங்கிவிட்டது. ரொபேர்ட் பிளாஹேர்ட்டி 1920 இல் கனடாவின் வடகோடிக்கு ‘நனூக்’ படத்தை எடுக்கச் சென்றபோது இத்தகைய ஏக்லி கமெராக்கள் இரண்டைக் கொண்டு சென்றார். அதே பிளாஹேர்ட்டி 1934 இல் வெளியான ‘மான் ஒவ் அரான்’ படத்தில் அயர்லாந்தின் மேற்குக் கரையில் மலைபோல் எழும் அலைகளை நீண்ட வில்லைகளால் பதிந்தார். அப்படத்தின் சுறா வேட்டை, பல பத்தாண்டுகளுக்கு முன்னரே கைவிடப்பட்ட வழக்கத்தைப் படத்துக்காகத் திரும்ப நடத்திக் காட்டியது என்ற குற்றச்சாட்டு உண்டு. ஆனால் அந்தக் காற்றையும் அலையையும் யாரும் நடிக்க வைக்க முடியாது.

1994 இல் கிட்சோ நிறுவனம் கார்பன் இழையாலான முக்காலியைக் கொண்டு வந்தது. தோளுக்குச் சுமை குறைந்தது; ஆனால் காற்றுக்கு வேலை எளிதாயிற்று. முன்னோர் திட்டித் திட்டிச் சுமந்த அந்த மரக்கால்களின் பாரமே அவர்களுக்குப் பாதி பாதுகாப்பாக இருந்தது. ஆகவே இன்று முக்காலியை இலேசாக வாங்கிக்கொண்டு, பின்னர் அதில் பையையோ கல்லையோ கட்டித் தொங்கவிடுகிறோம்.

கடற்கரையிலும் மலைமுகட்டிலும் படமெடுக்கும் இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் இந்தப் பழைய அனுபவங்களின் சாரமே. நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். அதை உயர்த்தினால் முக்காலி ஒற்றைக்காலியாகி விடுகிறது. கால்களை அகட்டித் தாழ்த்துங்கள். மெல்லிய கீழ்த்துண்டுகளைக் கடைசியாக நீட்டுங்கள். காற்று எந்தப் பக்கம் நோக்கித் தள்ளுகிறதோ அந்தப் பக்கத்தில் ஒரு கால் இருக்கட்டும். இரு கால்களுக்கு இடைப்பட்ட வெளியை நோக்கி முக்காலியைக் கவிழ்க்கப் பாதி விசையே போதும். பாரத்தைத் தொங்கவிட்டால் அது தரையைச் சற்றே தொட்டிருக்கட்டும். அந்தரத்தில் தொங்கினால் ஊசலாடிப் படத்தையும் ஆட்டும். மணலாயின் கால்களைப் புதையுங்கள். மண்ணாயின் முளையடித்துக் கயிற்றால் இறுக்குங்கள். கமெராவின் தோள்வாரைக் கழற்றிவிடுங்கள். அது கொடிபோல் படபடக்கும். காற்று வரும் பக்கத்தில் நீங்களே சுவராக நில்லுங்கள், ஆனால் முக்காலியைத் தொடாதீர்கள். எவரெஸ்டின் கோபுர விதி இங்கும் பொருந்தும்.

வாடையும் சோளகமும் கச்சானும் கொண்டலும் என்று காற்றுக்குத் திசைக்கொரு பெயர் வைத்த மக்கள் நாம். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பேரழிவின் படங்களாக நான் கண்டவை யாவும் காற்று ஓய்ந்த பின்னர் எடுக்கப்பட்டவை: முறிந்த தென்னைகள், கூரையற்ற வீடுகள். அந்த இரவின் காற்று, தப்பியவர்களின் வாய்மொழியில் மட்டுமே வாழ்கிறது.

இன்று எல்லோர் கையிலும் கமெரா இருக்கிறது. ஒவ்வொரு புயலின்போதும் ஆயிரக்கணக்கான காட்சிகள் கைத்தொலைபேசிகளில் வந்து சேர்கின்றன. அவற்றுள் வேறு நாட்டில் வேறு ஆண்டில் வீசிய காற்றும் நம் ஊர்ப்பெயர் தாங்கி வருகிறது. காட்சி நடுங்கிக்கொண்டிருந்தால் பெயர்ப்பலகையை வாசிக்க முடியாது; மரத்தையும் கட்டடத்தையும் அடையாளம் காண முடியாது; ஆகவே பொய்யைப் பிடிப்பதும் கடினம். பத்து விநாடி அசையாது நின்ற ஒரு காட்சி, பத்து நிமிட ஆட்டத்தை விடச் செய்தி ஆசிரியனுக்குப் பெறுமதி மிக்கது. முக்காலி இல்லாவிட்டாலும் மதிலிலோ தூணிலோ முழங்கையைச் சாய்த்து மூச்சடக்கி நில்லுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் கமெராவை விட்டுவிட்டு ஓடுங்கள். நிற்கக்கூடிய இடத்தில் நின்றால், அசையாது நின்று பதியுங்கள். நாளை யாரேனும் இது உண்மைதானா என்று கேட்பார்கள். அதற்கு அந்தப் படமே பதில் சொல்ல வேண்டும்.